பெங்களூருக்குக் குடிபோகலாமா? சம்பளக் கணக்கில் எழுதாமல் விட்டவை

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மகளின் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. இடது பக்கம் மதுரை, வலது பக்கம் பெங்களூரு. சம்பளம், வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பெட்ரோல், கேஸ், ஞாயிற்றுக்கிழமைக் கறி வரை வரிசையாக எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டு, பெங்களூரு போனால் மாதம் 18,000 ரூபாய் மிச்சம் என்று முடித்திருந்தான். "மாமா, கணக்கு சரியா வருதா பாருங்க."

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் நான் 14 வருஷமாகப் பெங்களூரில் குடியிருப்பவன். அந்தத் தாளில் எதை எழுதாமல் விட்டிருக்கிறான் என்றுதான் என் கண் தேடியது. மதுரைப் பக்கத்தில் அவன் மனைவியின் சம்பளத்தையே காணோம். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு என்பது எங்கும் இல்லை. பெங்களூரு இன்னொரு மாநிலத்தில் இருக்கிறது என்பதும் இல்லை. அவன் கணக்குப்படி மதுரையை விட்டுப் பெங்களூருக்குப் போவதும் கோயம்புத்தூருக்குப் போவதும் ஒன்றுதான். வாடகை மட்டும் கொஞ்சம் கூட.

முதலில் அந்த வாடகையையே எடுத்துக்கொள்வோம்.

வெளியூர்க்காரர்கள் பெங்களூரில் முதலில் தடுக்கி விழும் இடம் அட்வான்ஸ். பத்து மாத வாடகை என்பது இங்கே நெடுநாள் வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாத அட்வான்ஸுக்கும் வீடு கிடைக்கிறது. ஆனாலும் மாடியில் தாங்கள் இருந்துகொண்டு கீழே வாடகைக்கு விடும் பழைய உரிமையாளர்கள் பலர் பத்தை விட்டு இறங்குவதில்லை. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் பொது அளவாகச் சொல்கிறது. ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. மாதிரிச் சட்டத்தைக் காட்டி வீட்டுக்கார அம்மாவிடம் பேரம் பேசிப் பாருங்கள், அடுத்த ஆளுக்கு வீடு போயிருக்கும்.

வாடகை 25,000 என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் என்றால் இரண்டரை லட்சம். அதை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருஷம் 17,500, மாதம் ஏறக்குறைய 1,460 ரூபாய். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள்; இதுவும் இங்கே எழுதாத சட்டம், பல ஒப்பந்தங்களில் எழுதியே வைத்திருப்பார்கள். இரண்டு வருஷத்தில் காலி செய்தால் அந்த 25,000 மாதத்துக்கு 1,040 ரூபாய் ஆகிறது. ஆக, 25,000 ரூபாய் வீட்டின் உண்மையான வாடகை 27,500. தாளில் இருந்த 18,000 மிச்சத்தில் 2,500 இங்கேயே போயிற்று.

என் முதல் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாஷ்பேசினில் ஒரு மயிரிழை விரிசல், குழாய்க்கு இடப்பக்கம், விரல் நீளம். நாங்கள் குடிபோன அன்றே இருந்தது. என் மனைவி காட்டினாள், நான்தான் "அதை யார் பார்க்கப் போறா" என்றேன். இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்காரர் பார்த்தார். பெயின்டிங்குக்கு ஒரு மாதம், வாஷ்பேசினுக்கு ஒரு தொகை, கிளீனிங்குக்கு ஒரு தொகை போக மீதியை மூன்று தவணையாகக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சாவி வாங்கிய உடனே சுவர், குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரர் எண்ணுக்கே அனுப்பிவிடுகிறேன்.

இன்னொன்று, "லீசுக்கு வீடு" என்ற பலகை. நம் பக்கம் ஒத்தி, போக்கியம் என்று சொல்வோமே, அதுதான். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். வரவேண்டும். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து உரிமையாளர் தவணை கட்டாமல் விட்டால் கதவில் நோட்டீஸ் ஒட்டுவது வங்கி. உங்கள் பணத்துக்கு அலைவது நீங்கள். வாடகை மிச்சமாகிறதே என்று பார்க்கிற கண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் பார்க்கத் தோன்றாது. புதிதாக வருகிறவர்கள் இந்தப் பக்கமே போகவேண்டாம் என்பேன்.

ஆனாலும் இதெல்லாம் பணம். பணத்தில் நஷ்டம் வந்தால் இரண்டு வருஷத்தில் தேற்றிக்கொள்ளலாம். அதை வைத்துப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தொழில்வரி கூடுமே என்று ஒரு நண்பர் பயமுறுத்தியிருக்கிறாராம். அரசியல்சாசனமே வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் எந்த மாநிலமும் வாங்கக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. அதை அடித்துவிடலாம்.

அடிக்க முடியாதது மனைவியின் சம்பளம். அவள் மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. கணக்கு டீச்சராக இருந்தால் பெங்களூரில் ஒரு மாதத்தில் வேலை பிடிக்கலாம். தமிழாசிரியைக்கு இங்கே எத்தனை பள்ளிகளில் இடம் இருக்கும்? தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் விரல்விட்டு எண்ணும்படிதான். இரண்டு சம்பளம் ஒரு சம்பளமாவதை அவன் தாளில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் சூழ்ச்சி இல்லை. "அவளுக்கு அங்க ஏதாவது கிடைச்சுரும்" என்று எல்லா ஆண்களும் நினைக்கிற மாதிரி நினைத்திருக்கிறான். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மனைவிக்கு "ஏதாவது" கிடைக்க நான்கு வருஷம் ஆனது, அதுவும் அவள் படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பிறகு நீங்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டால் பதில் இருக்கிறது. பெரிய நகரம் தருவது கூடுதல் சம்பளத்தை விட, அடுத்த வேலை. மதுரையில் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி பூங்காக்கள் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் இருக்கின்றன. அங்கே இருக்கும் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தால் அடுத்த வேலைக்கு ஊரையே மாற்றவேண்டியிருக்கும். பெங்களூரில் வேலை போனால் கம்பெனிதான் மாறும். என் 14 வருஷத்தில் இரண்டு தடவை வேலை போயிருக்கிறது. இரண்டு தடவையும் ரேஷன் கார்டு முகவரியோ பிள்ளையின் பள்ளியோ மாறவில்லை. நாற்பதை நெருங்குகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதிலும் ஒரு ஆனால் உண்டு. எலக்ட்ரானிக் சிட்டி தெற்கு ஓரத்தில், ஒயிட்ஃபீல்டு கிழக்கு ஓரத்தில், மான்யதா டெக் பார்க் வடக்கே. ஓர் ஓரத்தில் வீடு எடுத்து, அடுத்த வேலை இன்னோர் ஓரத்தில் கிடைத்தால் வாழ்க்கை வண்டியிலேயே கழியும். மெட்ரோ கொஞ்சம் மாற்றியிருக்கிறது. ஒயிட்ஃபீல்டுக்கு 2023இல் வந்தது, ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா போகும் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது, 19 கி.மீ., 16 நிலையங்கள். வீடு பார்க்கிறவர்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் பார்ப்பதை விட மெட்ரோ நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் பார்ப்பது இப்போது புத்திசாலித்தனம்.

தண்ணீர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 3,000 அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. காவிரியோ ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளி, அதுவும் பள்ளத்தில். மோட்டார் வைத்து ஏற்றித்தான் குடிக்கிறோம். 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்குக் குழாய் போனது. 2019இல் சென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. வீடு பார்க்கும்போது ஒரே கேள்வி: காவேரி வருமா, போரா, டேங்கரா? தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் ஒரு கன்னடக்கார அம்மாவிடம் "காவேரி வருமா" என்று கேட்பதில் உள்ள வேடிக்கை இரண்டு பேருக்குமே புரியும். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.

எல்லா வருஷமும் சிரிக்கவில்லை. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரித் தகராறு தெருவுக்கு வந்தது. 2016இல் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று என் பைக் டிஎன் 59 பலகையோடு வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர், கன்னடக்காரர்தான், தன் பழைய போர்வையைக் கொண்டுவந்து அவரே அதன் மேல் போர்த்தினார். கலவரம் இரண்டு மூன்று நாளில் அடங்கியது, போர்வை ஒரு வாரம் கிடந்தது.

சட்டப்படி அந்தப் பலகை அதுவரை இருந்திருக்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். மதுரை ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடகத்தில் ஆயுள்வரி கட்டி, தமிழ்நாட்டில் கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பழைய பைக்காக இருந்தால் ஊரிலேயே விற்றுவிட்டு வருவது லாபம்.

இப்படி மாநில எல்லை எங்கெங்கே குறுக்கே வரும் என்று முன்கூட்டியே தெரியாது. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் அக்கா வந்திருந்தபோது மதுரை டவுன் பஸ் ஞாபகத்தில் கையை வீசிக்கொண்டு ஏறினாள். கண்டக்டர் ஆதாரைக் கேட்டார், முகவரியைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். தமிழ்நாட்டில் அடையாள அட்டையே கேட்பதில்லை. இங்கே கர்நாடக முகவரி வேண்டும். டிக்கெட் சில பத்து ரூபாய்தான். இதே எல்லைக்கோடு பள்ளிக்கூடத்துக்குள் போகும்போதுதான் கணக்கு கனக்கிறது.

மகள் ஐந்தாம் வகுப்பு. கர்நாடகத்தில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் மாநில ஒதுக்கீட்டு இடத்துக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுதித் தகுதி பெற, முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பியூசி வரைக்குள் குறைந்தது 7 கல்வியாண்டுகள் கர்நாடகப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பியூசி என்பது நம் 11, 12. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: 6, 7, 8, 9, 10, 11, 12. ஏழு. வருகிற ஜூனில் ஆறாம் வகுப்பில் இங்கே சேர்த்தால் சரியாக ஏழு வருஷம். "ஒரு வருஷம் நான் மட்டும் போய்ப் பிஜி ஹாஸ்டல்ல இருந்து பாக்குறேன் மாமா, அப்புறம் அவங்களக் கூட்டிக்கிறேன்" என்று அவன் போட்டிருக்கும் திட்டம் எல்லா விதத்திலும் நிதானமானது. அந்த ஒரு வருஷத்தில் ஏழு ஆறாகிவிடும் என்பதைத் தவிர.

அப்படியானால் தமிழ்நாட்டில் சேர்க்கலாமே என்றால், சேர்க்கலாம். கதவு மூடிவிடாது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை; வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை அந்தச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு நடக்கத் தயாராக இருந்தால் போதும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு பெரிது. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்திலும், அடுத்த ஆண்டு முதல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் இரண்டு வருஷம் பெங்களூரில் படிக்கவைத்தால் அது போயிற்று, திரும்ப வராது. கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு வருகிற எத்தனையோ பேருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

சாதிச் சான்றிதழும் எல்லை தாண்டாது. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும் சமூகம் கர்நாடகப் பட்டியலிலும் அதே பெயரில் இருந்தாலும்கூட, குடிபெயர்ந்து வந்தவர் அந்த மாநிலத்தின் கல்வி, வேலை ஒதுக்கீட்டைக் கோர முடியாது. பட்டியல் சாதி, பழங்குடி விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வுகள் 1990இலும் 2018இலும் இதை உறுதிசெய்திருக்கின்றன. ஒன்றிய அரசு வேலைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் ஊர்ச் சான்றிதழ் செல்லும். பெங்களூரில் மாநில அரசு இடத்துக்குப் பொதுப்பிரிவில்தான் நிற்கவேண்டும். 69 சதவீத ஒதுக்கீடு உள்ள மாநிலத்திலிருந்து கிளம்புகிறவர்கள் இதை ஒரு தடவையாவது யோசித்துவிட்டுக் கிளம்பவேண்டும்.

மொழியைப் பற்றி நான் பயமுறுத்தமாட்டேன். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழ் கேட்காத தெரு இல்லை. 1809இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்த காலத்திலிருந்து தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் சாக்கு மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையையும் 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிப் பக்கம் திறந்துவிட்டார்கள்; பதிலுக்குச் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலை திறந்தது. கன்னடத்தில் "ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே" (கொஞ்சம் கொஞ்சம் வரும்) என்று ஆரம்பித்துத் தப்பும் தவறுமாகப் பேசினாலும் ஜனங்கள் நெகிழ்ந்துவிடுகிறார்கள். "கன்னட கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களுக்குத்தான் தகராறு. பிள்ளைகளுக்கு இன்னும் எளிது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடத்தைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது, ஒரே வருஷத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்று வரும்போது ஒன்று போகிறது. போன பொங்கலுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் என் மகன் ஒரு பஸ் போர்டைப் பார்த்துவிட்டு "இது எந்த ஊருப்பா?" என்று கேட்டான். வயது பதினைந்து. தமிழில் கதை கதையாகப் பேசுவான், கன்னடத்தில் கவிதைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறான். போர்டில் இருந்தது தேனி. இரண்டே எழுத்து. என் அக்கா மருமகள், அந்தத் தமிழாசிரியை, பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெங்களூரு பேச்சு வரும்போதெல்லாம் அவள் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று அவள் கணவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது மனம் மாறி மதுரைக்குத் திரும்பினாலும், மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள் காத்திருக்கும். தமிழ்நாட்டில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது 2006 சட்டம்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தபோது அவன் "அப்ப வரவேணாம்னு சொல்றீங்களா மாமா?" என்றான். இல்லை மாப்ள, ஓசூரைப் பார் என்றேன். புது வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். பெங்களூரிலிருந்து ஓசூர் 40 கி.மீ.; எலக்ட்ரானிக் சிட்டி அதில் பாதி வழியிலேயே வந்துவிடும். அதே மேட்டு நிலம், ஏறக்குறைய அதே காற்று, அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. மகளுக்குத் தமிழ் தொடரும், பைக் பலகை மாறாது, ரேஷன் கார்டில் முகவரி மாற்றம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேல், தமிழாசிரியைக்கு அங்கே பள்ளிகள் இருக்கின்றன.

ஓசூரையும் விலை இல்லாமல் கொடுக்கமாட்டார்கள். மெட்ரோ பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது; அதற்கு மேல் நெடுஞ்சாலை, எல்லைச் சாலையில் லாரிகள், காலையும் மாலையும் பஸ். நாளைக்கு ஒயிட்ஃபீல்டிலோ மான்யதாவிலோ வேலை மாறினால் ஓசூர் கணக்கு அன்றே உடைந்துவிடும், பெரிய நகரத்துக்கு வந்த காரணமே பாதி வீணாகும். அப்படி ஒரு நாள் வந்தால் அவன் மட்டும் பிஜியில் இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வரலாம். மதுரைக்குப் போவதைப் போல ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் ஆடவேண்டாம். மாதம் 18,000 மிச்சம் அப்போதும் வராது.

நேற்று இரண்டாவது தாள் வந்தது. மூன்று கட்டம், நடுவில் ஓசூர். மனைவியின் சம்பளம் இந்தத் தடவை முதல் வரியிலேயே இருந்தது, அவளுடைய கையெழுத்தில். கீழே அக்கா கேட்கச் சொன்னதாக ஒரு வரி: "ஓசூர்ல இருந்து மதுரைக்கு நேர் ரயில் இருக்கா தம்பி?" இருக்கிறது. மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அந்த வழியாகத்தான் வருகிறது. ராத்திரி ஏறினால் காலையில் மதுரை. முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்பினேன். பொங்கலுக்கு டிக்கெட் எடுப்பதென்றால் நவம்பர் நடுவிலேயே எழுந்து உட்காரவேண்டும்.